ஒரு நிமிட சூப்பர் ஹீரோ டீஸர்: மாணவர்கள் திட்டமிடுவது எப்படி?

கையில் ஒரு ஸ்மார்ட்போன், வீட்டில் ஒரு கம்ப்யூட்டர். இவை இருந்தாலே இன்று குறும்படம் எடுத்துவிடலாம். கல்லூரிகளில் விஷுவல் கம்யூனிகேஷன் படிப்பவர்களுக்கும், பள்ளி ஆண்டு விழாவுக்கு ஏதாவது செய்ய நினைப்பவர்களுக்கும் சூப்பர் ஹீரோ என்றால் தனி ஆசை. ஆனால் நான் பயிற்சி அளித்த மாணவர் குழுக்களில் பெரும்பாலானவை செய்யும் முதல் வேலை என்ன தெரியுமா? கேமராவை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார்கள். மாலையில் நாற்பது க்ளிப்கள் இருக்கும். ஒன்றோடு ஒன்று ஒட்டாது.

டீஸர் என்பது எடிட்டிங் டேபிளில் பிறப்பதல்ல, பேப்பரில் பிறப்பது. இந்தக் கட்டுரையில் 60 செகண்ட் டீஸர் ஒன்றை ஆரம்பம் முதல் திட்டமிடப் போகிறோம். கூடவே ஊடகக் கல்வியில் சொல்லித்தரும் கருத்துகளை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது என்றும் பார்ப்போம். இங்கிலாந்தில் ஏ-லெவல் ஊடகப் பாடத்தை நான்கு தலைப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஊடக மொழி, சித்திரிப்பு, பார்வையாளர், ஊடகத் தொழில் ஆகியவையே அவை. நமக்கும் இந்த நான்கும் போதும்.

டீஸர் வேறு, ட்ரெய்லர் வேறு

ட்ரெய்லர் கதையைச் சொல்லும். யார் நாயகன், யார் வில்லன், என்ன பிரச்சினை என்பதெல்லாம் இரண்டு நிமிடத்துக்குள் தெரிந்துவிடும். டீஸர் அப்படியல்ல. அது ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு ஓடிவிடும்.

இதற்கு நல்ல உதாரணம் 2007-ல் வந்த 'தி டார்க் நைட்' படத்தின் முதல் டீஸர். படக்காட்சி என்று எதுவுமே அதில் இல்லை. இருட்டில் நீல ஒளியோடு வௌவால் சின்னம் தெரியும். பின்னணியில் குரல்கள் கேட்கும். ஜோக்கரின் சிரிப்பு வரும். சின்னம் சிதறும். அவ்வளவுதான். படம் வந்தது 2008-ல். நடிகர்களைக் காட்டாமலே ஒரு படத்தை எதிர்பார்க்க வைத்துவிட்டார்கள். பணம் இல்லாத மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

இன்னொரு உதாரணம் 'தி இன்க்ரெடிபிள்ஸ்' படத்துக்காக பிக்ஸார் 2003-ல் வெளியிட்ட டீஸர். தொப்பை விழுந்த சூப்பர் ஹீரோ தன் பழைய பெல்ட்டை மாட்ட முடியாமல் திண்டாடுவார். ஒரே அறை, ஒரே ஆள், ஒரே பெல்ட். இது என்ன மாதிரியான படம் என்பது அதிலேயே புரிந்துவிடும்.

முதல் படி: வகைமையும் அதில் ஒரு மாற்றமும்

ஒவ்வொரு வகைப் படத்துக்கும் சில வழக்கங்கள் உண்டு. சூப்பர் ஹீரோ படத்தில் ரகசிய வாழ்க்கை, சக்தி கிடைத்த கதை, முகமூடி, சின்னம், காப்பாற்ற ஓர் ஊர், சமமான எதிரி ஆகியவை இருக்கும். ஸ்டீவ் நீல் என்ற திரைப்பட ஆய்வாளர், ஒரு வகைமை நிலைத்திருக்கத் திரும்ப வருவதும் வேண்டும், வேறுபாடும் வேண்டும் என்று விளக்கினார். எல்லாமே பழையது என்றால் சலிப்பு. எல்லாமே புதியது என்றால் குழப்பம்.

2021-ல் வெளியான மலையாளப் படம் 'மின்னல் முரளி'யை எடுத்துக்கொள்ளுங்கள். சக்தி, உடை, எதிரி எல்லாம் வழக்கம் போலத்தான். ஆனால் ஹீரோ ஒரு கிராமத்துத் தையல்காரர். எதிரியாக நடித்தவர் நம் குரு சோமசுந்தரம். அந்த எதிரியின் மீதே நமக்கு இரக்கம் வரும். மாற்றம் இவ்வளவு இருந்தால் போதும்.

ஒரு பேப்பரில் ஆறு வழக்கங்களையும் எழுதுங்கள். மூன்று அல்லது நான்கை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் தலைகீழாக மாற்றுங்கள்.

நம் உதாரணக் கதை இது. பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண். ஊர் முழுக்கக் கரண்ட் போன இரவில், அவள் கையில் எடுத்த பல்பு தானாக எரிகிறது. யாரோ ஒருவன் ஊரின் மின்சாரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டிருக்கிறான். வைத்திருந்தவை: சக்தி, ஆபத்தில் ஊர், எதிரி. மாற்றியது: பறப்பதும் இல்லை, அடிதடியும் இல்லை, பல்பு எரிகிறது.

தலைப்புக்கு 'மின்மினி' பொருத்தமாகத் தோன்றும். ஆனால் அந்தப் பெயரில் ஹலிதா ஷமீம் இயக்கிய படம் 2024-லேயே வந்துவிட்டது. தலைப்பை முடிவு செய்யும் முன் கூகுளில் தேடிப் பார்த்துவிடுங்கள். நாம் 'கரண்ட்' என்று வைத்துக்கொள்வோம்.

இந்தக் கதையைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. கடைகளில் கிடைக்கும் ரீசார்ஜபிள் இன்வெர்ட்டர் பல்புகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளே பேட்டரி இருக்கும். அடிப்பாகத்தில் உள்ள இரண்டு முனைகளையும் விரலால் தொட்டாலே எரியும். ஆக, நமக்கு கிராபிக்ஸ் செலவு இல்லை! ஹோல்டரில் மாட்டிய பல்பிலோ, வயரிலோ, பிளக் பாயின்ட்டிலோ இந்த வேலை வேண்டவே வேண்டாம். ஹோல்டரிலிருந்து கழற்றிய இன்வெர்ட்டர் பல்பு மட்டுமே. இதை ஸ்கிரிப்டின் முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.

இரண்டாம் படி: எங்கே நிறுத்துவது?

கதை என்பது ஐந்து கட்டங்களில் நகர்கிறது என்றார் தொதரோவ். இயல்பு நிலை, அது குலைவது, குலைந்ததை உணர்வது, சரிசெய்ய முயல்வது, புதிய இயல்பு நிலை. முழுப் படத்துக்கு ஐந்தும் வேண்டும். டீஸர் மூன்றாவது கட்டத்தில் நின்றுவிட வேண்டும். நான்காவதைக் கண் சிமிட்டும் நேரம் காட்டலாம். ஐந்தாவதை ஜாடையாகச் சொன்னால் போதும்.

ரோலான் பார்த் சொன்ன 'புதிர்க் குறி' என்ற கருத்தும் இங்கே உதவும். பார்ப்பவர் மனதில் ஒரு கேள்வியை விதைத்து, பதிலைத் தள்ளிப்போடுவதுதான் அது. நம் டீஸரில் மூன்று கேள்விகள் உள்ளன. பல்பு ஏன் எரிகிறது? அந்தக் குரல் யாருடையது? அவள் என்ன செய்தாள்? மூன்றில் ஒன்றுக்குக்கூட டீஸரில் பதில் சொல்லக் கூடாது. ஐந்து கேள்விகளுக்கு மேல் வைத்தாலும் தவறு. ஒன்றும் மனதில் நிற்காது.

மூன்றாம் படி: யாரை எப்படிக் காட்டுகிறோம்?

மாணவர்கள் அவசரமாகத் தாண்டிப் போகும் பகுதி இதுதான். சித்திரிப்பு என்பது மதிப்பெண்ணுக்கான வார்த்தை மட்டுமல்ல. உங்கள் டீஸரைப் பார்க்கும் தம்பி, தங்கைகள் அதிலிருந்து எதையோ எடுத்துக்கொள்வார்கள்.

வில்லன் என்றதும் முகத்தில் தழும்பு, தீக்காயம், நொண்டும் கால் என்று போடுவது பழைய பழக்கம். அப்படிப்பட்ட முகத்தோடு வாழும் ஒரு குழந்தை இதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? இங்கிலாந்தின் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 2018-ல், தழும்பை வில்லத்தனத்தின் அடையாளமாகக் காட்டும் படங்களுக்கு இனி நிதி தருவதில்லை என்று அறிவித்தது. கறுப்பு நிறம், குறிப்பிட்ட பேச்சு வழக்கு, குறிப்பிட்ட பகுதியின் பெயர் இவற்றை வில்லனோடு சேர்ப்பதும் அதே தவறுதான். நம் டீஸரில் வில்லனுக்கு முகமே இல்லை. குரலும் பளபளக்கும் ஷூவும் மட்டும்தான்.

ஹீரோ ஒரு பெண் என்றால் கேமரா அவளை எப்படிப் பார்க்கிறது என்றும் கவனியுங்கள். லாரா மல்வி 1975-ல் எழுதிய கட்டுரையில், சினிமாவின் கேமரா பெண்ணைப் பெரும்பாலும் ஆணின் கண்ணாக நின்று பார்க்கிறது என்று சுட்டிக் காட்டினார். எளிய சோதனை ஒன்று உண்டு. ஒவ்வொரு ஷாட்டிலும் அவள் ஏதாவது செய்கிறாளா, அல்லது பார்க்கப்படுகிறாளா என்று எழுதுங்கள். 'செய்கிறாள்' என்பது அதிகமாக இருக்க வேண்டும். 2025-ல் வந்த 'லோகா' படத்தில் கல்யாணி பிரியதர்ஷன் நடித்த சந்திராவையும் இந்தச் சோதனைக்கு எடுத்துப் பார்க்கலாம். நல்ல பயிற்சி.

நான்காம் படி: யார் பார்க்கப் போகிறார்கள்?

'எல்லோரும்' என்று எழுதினால் அந்தப் பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். வயது, பார்க்கும் இடம், பார்க்கும் கருவி மூன்றையும் எழுதுங்கள். நம் டீஸருக்கு: 13 முதல் 19 வயது, பஸ்ஸிலோ வீட்டிலோ, மொபைலில்.

இந்த ஒரு வரியிலிருந்தே மூன்று முடிவுகள் பிறக்கும். மொபைலில் இருட்டான காட்சி சரியாகத் தெரியாது. எனவே ஒவ்வொரு இருட்டு ஷாட்டிலும் ஒரு வெளிச்சப் புள்ளியாவது வேண்டும். பலர் சத்தமில்லாமல் பார்ப்பார்கள். எனவே முக்கிய வசனம் எழுத்தாகவும் வர வேண்டும். பின்னர் 9:16 அளவில் வெட்ட நேரிடலாம். எனவே முக்கியமான பொருளை ஃபிரேமின் நடுப்பகுதியில் வையுங்கள்.

ஐந்தாம் படி: ஷாட் பட்டியல்

இப்போது ஸ்ப்ரெட்ஷீட் ஒன்றைத் திறந்து நேரம், படம், ஒலி என்று மூன்று பத்திகள் போடுங்கள். நம் பட்டியல் இதோ.

0 - 5 செகண்ட்: கறுப்புத் திரை. ஃபேன் ஓடும் சத்தம் மெல்ல மெல்ல நிற்கிறது. குழுவின் பெயர்.
5 - 10: மாடியிலிருந்து தெரு. விளக்குகள் இல்லை. தூரத்தில் ஒரே ஒரு பைக் வெளிச்சம்.
10 - 14: மெழுகுவர்த்தி. மேஜையில் அவள் படிக்கிறாள். மிட் ஷாட்.
14 - 17: மெழுகுவர்த்தி அணைகிறது. க்ளோசப்.
17 - 20: எழுத்து: ஊர் முழுக்க இருட்டு.
20 - 24: மேஜை டிராயரைத் துழாவும் கை. போனின் வெளிச்சத்தில் ஒரு பல்பு.
24 - 29: கையில் பல்பு எரிகிறது. மிக அருகில். இசை இல்லை, மெல்லிய ரீங்காரம் மட்டும்.
29 - 32: அவள் கண்கள்.
32 - 37: கறுப்புத் திரை. ஒரு குரல்: "இந்த ஊர்ல யாரோ ஒருத்தர்கிட்ட இன்னும் கரண்ட் இருக்கு." எழுத்திலும் வரும்.
37 - 43: ஆறு ஷாட்கள், ஆளுக்கு ஒரு செகண்ட். ஓடும் கால்கள், மாடிப்படி, டார்ச் ஒளி, சுவரைத் தொடும் கை, ஷூ, மூடும் கதவு.
43 - 49: தெரு முனை. முதுகு காட்டி நிற்கிறாள். லோ ஆங்கிள். கையில் ஒளி.
49 - 51: கறுப்பு. முழு மௌனம்.
51 - 56: தெருப் பிள்ளைகளின் கூச்சல்: "கரண்ட் வந்துடுச்சு!" படத்தின் பெயர் தோன்றுகிறது.
56 - 60: விரைவில்.

அந்தக் கடைசிக் கூச்சலைக் கவனித்தீர்களா? பவர் கட் பார்த்து வளர்ந்த எந்தத் தெருவிலும் அந்தச் சத்தம் உண்டு. தமிழ் தெரிந்தவருக்கு அதை விளக்க வேண்டியதே இல்லை. ஊடக மொழி என்பது ஷாட் அளவு மட்டுமல்ல. இப்படி ஊரே அறிந்த ஒலியும் அதில் அடங்கும்.

ஆறாம் படி: படம் பிடிக்கும் முன்பே எடிட்டிங்

இதுதான் முக்கியமான படி. ஒவ்வொரு ஷாட்டையும் பேப்பரில் கிறுக்கலாக வரையுங்கள். குச்சி மனிதர்கள் போதும். அவற்றை மொபைலில் படமெடுத்துக் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். எடிட்டிங்குக்கு ஷாட்கட் என்ற இலவச சாஃப்ட்வேர் போதுமானது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும்.

புதிய ப்ராஜெக்ட்டில் 1080 பி அளவைத் தேர்வு செய்யுங்கள். வரைபடங்களை டைம்லைனுக்கு இழுத்து வந்து, ஓரத்தைப் பிடித்து நகர்த்தி, பட்டியலில் உள்ள செகண்ட் அளவுக்கு நீட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். வசனங்களை மொபைலில் பதிவு செய்து ஆடியோ ட்ராக்கில் போடுங்கள். இதற்கு 'அனிமேட்டிக்' என்று பெயர். ஒரு மாலையில் முடிந்துவிடும்.

இதை ஐந்து பேரிடம் காட்டி மூன்று கேள்விகள் கேளுங்கள். இது என்ன வகைப் படம்? உங்களுக்கு என்ன தெரிந்துகொள்ளத் தோன்றுகிறது? எந்த இடத்தில் சலித்தது? குச்சி மனிதர்களை வைத்தே ஆர்வம் வருகிறது என்றால் உங்கள் டீஸர் தேறிவிட்டது. வரவில்லை என்றால் நல்ல கேமராவும் காப்பாற்றாது.

ஏழாம் படி: படப்பிடிப்பு

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எனவே மெயின்ஸில் எரியும் விளக்குகளின் கீழ் படமெடுக்கும் போது திரையில் பட்டை பட்டையாகத் துடிப்பு தெரியலாம். மொபைலின் ப்ரோ மோடில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் லாக் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் பல்பு எரிந்ததும் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் குறைத்து, காட்சியைக் கெடுத்துவிடும். மொபைலில் எடுத்த சில ஃபைல்களின் ஃபிரேம் வேகம் சீராக இருக்காது. ஷாட்கட் அதைக் கண்டுபிடித்து, எடிட்டிங்குக்கு ஏற்றபடி மாற்றவா என்று கேட்கும். சம்மதியுங்கள்.

மெமரி கணக்கும் வேண்டும். 13 ஷாட்கள், ஒவ்வொன்றும் நான்கு டேக், ஒரு டேக் 20 செகண்ட் என்றால் சுமார் 17 நிமிடங்கள். 1080 பி-யில் நிமிடத்துக்கு 130 எம்பி என்று வைத்தால் இரண்டு ஜிபிக்குச் சற்று மேல். அன்றைக்கே கம்ப்யூட்டரிலும் பென் டிரைவிலும் ஒரு காப்பி எடுத்துவிடுங்கள்.

அடுத்து நான் எந்த வகுப்பிலும் விடாமல் சொல்வது. யாரும் குதிக்கக் கூடாது. மாடிச் சுவரில் ஏறக் கூடாது. தூர்தர்ஷனில் 1997 முதல் ஒளிபரப்பான 'சக்திமான்' தொடரைப் பார்த்துவிட்டுக் குழந்தைகள் ஆபத்தான காரியங்களில் இறங்கியதாகச் செய்திகள் வந்தன. இப்படிச் செய்யாதீர்கள் என்று அதில் நடித்த முகேஷ் கன்னாவே குழந்தைகளிடம் சொல்ல வேண்டியிருந்தது. உண்மையில் பெரிய தாவலைக் காட்ட உயரமே தேவையில்லை. ஒரே ஒரு படியிலிருந்து கால் விலகுவது ஒரு க்ளோசப். தரையில் குந்தி நிமிர்வது ஒரு க்ளோசப். நடுவில் வானம் ஒரு செகண்ட். மூன்றையும் ஒட்டினால் நான்கு மாடித் தாவல் தயார். தெருவில் இரவில் எடுப்பதாக இருந்தால் அக்கம் பக்கத்தாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும்.

எட்டாம் படி: பெயர், சின்னம், இசை

சின்னத்தை இங்க்ஸ்கேப் என்ற இலவச சாஃப்ட்வேரில் வரையலாம். வரைந்ததும் ஒரே கறுப்பு நிறமாக்கி 32 பிக்ஸல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் அடையாளம் தெரிந்தால் நல்ல சின்னம்.

பேட்மேன், ஸ்பைடர்மேன் போன்ற பாத்திரங்களுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். 'சூப்பர் ஹீரோ' என்ற சொல்லையே மார்வெலும் டிசியும் சேர்ந்து அமெரிக்காவில் டிரேட்மார்க்காக வைத்திருந்தன. அந்தப் பதிவுகள் 2024 செப்டம்பரில் ரத்தாயின. சொல் விடுதலையானது, பாத்திரங்கள் அல்ல. சொந்தப் பாத்திரம்தான் நல்லது. மதிப்பெண்ணும் அதற்குத்தான்.

இசையிலும் அப்படியே. சினிமாப் பாட்டைச் சேர்த்து யூடியூபில் ஏற்றினால் கன்டென்ட் ஐடி கண்டுபிடித்துவிடும். யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை உள்ளது. அதைவிட நல்ல வழி, வீட்டு ஃபேன் சத்தத்தைப் பதிவு செய்து, ஆடாசிட்டி சாஃப்ட்வேரில் வேகத்தைப் பாதியாகக் குறைப்பது. கேட்டுப் பாருங்கள், வில்லனே வந்துவிடுவான்.

வெளியிடும் முன் ஒரு கேள்வி

டீஸரின் பொருள், அது வெளிவரும் காலத்தையும் சார்ந்தது. 'ஸ்பைடர்மேன்' படத்துக்காக 2001-ல் ஒரு டீஸர் தயாரானது. ஹெலிகாப்டரில் தப்பும் கொள்ளையர்கள், நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களுக்கு நடுவே பின்னப்பட்ட வலையில் சிக்குவார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 11-ல் கோபுரங்கள் தாக்கப்பட்டு வீழ்ந்ததும் டீஸரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். படம் 2002-ல் அந்தக் காட்சி இல்லாமலே வந்தது. டீஸரில் ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை. பார்ப்பவர் மனம் மாறிவிட்டது. புயலில் நான்கு நாட்களாகக் கரண்ட் இல்லாமல் ஊர் தவிக்கும் வாரத்தில் நம் டீஸரை வெளியிடலாமா? இதையும் குழுவாக உட்கார்ந்து பேசுங்கள். ஊடகத் தொழிலில் இருப்பவர்கள் தினமும் பேசுவது இதைத்தான்.

வீட்டுப்பாடம்

இந்த வாரம் கேமராவைத் தொட வேண்டாம். ஆறு வழக்கங்கள், மூன்று கேள்விகள், பார்வையாளர் பற்றி ஒரு வரி, 60 செகண்ட் ஷாட் பட்டியல் ஆகியவற்றை எழுதுங்கள். அடுத்த வாரம் அனிமேட்டிக். அதற்கடுத்த வாரம்தான் படப்பிடிப்பு. முடிந்ததும் ஒவ்வொரு முடிவையும் ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள். படிப்பில் மதிப்பெண் பெற்றுத் தருவதும், நாளை வேலை கேட்டுப் போகும் போது பேச உதவுவதும் அந்த ஒரு பக்கம்தான்.